ஆயுதத்துக்கு ஓய்வு

பழனியப்பன் காலமான நாளிலிருந்து மனைவி ராக்கம்மை அவருடைய லேப்டாப்பை அணைக்கவே இல்லை. கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. ஒருமுறை பூட்டிக்கொண்டால் திறக்க ஆளில்லை. திரை தூங்காதபடி மாற்றிவைத்து, சார்ஜரைச் செருகியபடியே விட்டிருந்தாள். சைகோனில், பூ மி ஹங் பகுதியிலிருந்த அந்தக் குடியிருப்பின் மின்சாரக் கட்டணத்தில் அணையா விளக்குக்கென்று ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது.

திரையில் இருந்தது தேவாரமல்ல. சைகோன் முத்தமிழ் அன்பர் கழகத்தின் பொங்கல் மலருக்காகத் தலைவர் காசிவிஸ்வநாதனின் வாழ்த்துரை. வாழ்த்துவது தலைவர், வாழ்த்தப்படுவதும் தலைவர், எழுதுவது மட்டும் பழனியப்பன் என்பது கழகத்தின் எழுதப்படாத விதி. புகழ்ந்து புகழ்ந்து கை வலித்தால், கடைசியில் தலைவரைப் பற்றி உள்ளபடியே ஒரு வரி தட்டுவார். காப்பியோடு மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தபின் அதை அழித்துவிட்டுத்தான் சேமிப்பார். தவறிப்போய் எங்கேனும் தங்கிவிடுமோ என்று தானாகச் சேமிக்கும் வசதியையும் அணைத்து வைத்திருந்தார்.

அன்று அந்த வரியைத் தட்டிவிட்டு, அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வரி அழியாமல் திரையிலேயே நின்றுவிட்டது. அதன் முனையில் ஒரு சிறு கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ராக்கம்மைக்கு வரி மனப்பாடம். ஆனாலும் காலையில் எழுந்ததும் அந்தக் கோடு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவாள். அதைச் சேமிக்கவும் மனம் வரவில்லை. அவர் கடைசியாகத் தட்டிய விசைகளில் தன் கை படக்கூடாது என்றிருந்தாள்.

ஆயுத பூஜையன்று தலைவர் வந்தார். கூடவே பொருளாளர் பஷீர் அகமதுவும் வந்தார். தலைவர் எங்கே போனாலும் பை தூக்க ஒரு பொருளாளர் வேண்டும். பையில் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு, ஒரு முழம் பூ.

"ஆச்சி, நம்ம மலரோட ஆயுதமே இதுதானே. பூஜை போடாம விடலாமா?"

"போடுங்க அண்ணே. ஆனா மூடிடாதீங்க. பொத்தானைத் தொடாம ஒரு பொட்டு வச்சாப் போதும்."

"எனக்குத் தெரியாதா ஆச்சி? நான் பார்க்காத கம்ப்யூட்டரா?"

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்தான். தொட்டவரல்ல. ராக்கம்மை சுண்டல் தாளிக்க உள்ளே போன நேரத்தில், பூஜையன்று ஆயுதம் வேலை செய்யக்கூடாது என்ற சாஸ்திரம் தலைவருக்கு ஞாபகம் வந்தது. சார்ஜரைப் பிடுங்கினார். மூடினார். எங்கெல்லாம் ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மூன்று முறை பன்னீர் தெளித்தார். தட்டோடு வந்த ராக்கம்மை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சி, அப்படிப் பாக்குறீங்க? ஆயுதத்துக்கு ஒருநாள் ஓய்வு வேண்டாமா? விஜயதசமியன்னிக்கு எடுத்துப் பாருங்க, குதிரை மாதிரி ஓடும்."

அவள் உடனே திறந்து பொத்தானை அழுத்தினாள். குதிரை எழவில்லை. சார்ஜரைச் செருகப் பார்த்தாள். சந்தனம் இடம் தரவில்லை. தலைவர் சுண்டலை முடித்துவிட்டு, "சாமி உத்தரவு கொடுக்கலை போல," என்று சொல்லிப் போனார்.

மறுநாள் நகர மையத்தில், டிஸ்ட்ரிக்ட் 1இல் பஷீருக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனார்கள். தலைவரும் வந்தார். தம் வாழ்த்துரை உள்ளே இருக்கிறதே. கடைக்காரப் பெண் லான் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, மஞ்சளாய்க் காய்ந்திருந்ததைக் குச்சியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். வியட்நாமியில் ஏதோ கேட்டாள்.

"இது என்ன சாஸுன்னு கேக்குறா," என்றார் பஷீர்.

"தெய்வ காரியம்னு சொல்லும் பாய்."

"அதை நான் எப்படிச் சொல்ல, தலைவரே? பூஜை போட்டுக் கொன்னோம்னா?"

போர்டு போய்விட்டது, ஆனால் உள்ளிருக்கும் டிஸ்க் பிழைத்திருக்கிறது என்றாள் லான். ராக்கம்மை, கடையில் கொடுத்த ஐஸ் தேநீர்க் குவளையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிக் கோப்பைத் திறந்ததும், தலைவர் எல்லோருக்கும் முன்னால் குனிந்து படித்தார்.

"இருக்கு! 'தன்னலமற்ற தொண்டர்' இருக்கு, 'வாடா மலர்' இருக்கு. ஒண்ணுமே போகலை ஆச்சி! முருகா!"

ராக்கம்மை பக்கத்தின் அடியைப் பார்த்தாள். வாடா மலரோடு எழுத்து முடிந்து, கீழே வெறும் வெள்ளை. கோடு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது லான் வைத்த கோடு.

"கடைசி வரி போயிருச்சு அண்ணே."

"அப்படியா? கடைசி வரின்னு ஒண்ணு இருந்ததா?" தலைவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, தம்மைப் பற்றிப் படித்தால் அவருக்குக் கலங்கும். "மனுஷன் சாகும்போதும் என்னைப் பத்தித்தான் எழுதியிருக்காரு! பாய், அதை மலர்லே கட்டம் கட்டிப் போடணும். படத்தோட. 'அமரர் பழனியப்பனின் இறுதி வரி'. ஞாபகம் இருக்கா ஆச்சி? யோசிச்சுச் சொல்லுங்க."

"வேண்டாம் அண்ணே."

"கூச்சப்படாதீங்க. புகழ்ச்சி எனக்குப் புதுசா?"

ராக்கம்மை குவளையை வைத்தாள். இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திராத வரி. பழனியப்பன் வாசித்துக் காட்டும்போது இழுக்கும் அதே இழுப்போடு சொன்னாள்:

"தமக்கு விழவேண்டிய மாலையைத் தாமே வாங்கிவந்து, அதைப் போடும் ஆளையும் தாமே கூட்டிவரும் தன்னிறைவு, உலகத் தலைவர்களில் நம் தலைவர் ஒருவருக்கே வாய்த்தது."

பஷீர் தொண்டையைச் செருமுவதுபோல் தொடங்கி, முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாலை போடத் தலைவர் எப்போதும் அவரைத்தான் கூட்டிப்போவார். ராக்கம்மைக்கும் சிரிப்பு வந்தது. கணவர் போனபின் வந்த முதல் சிரிப்பு, நிறுத்தவும் தெரியவில்லை. விஷயம் புரியாமலே லானும் சிரித்தாள்.

தலைவர் சற்று நேரம் வெளியே ஓடும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டத்துக்கு," என்றார் கடைசியில், "ஏதாவது விளம்பரம் பிடிச்சுக்கலாம் பாய்."