ஏழு ஸ்பேடு

விவாகரத்து ஆன அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் சீட்டாடப் போனார்கள். ஒருத்தி மயக்க மருந்து டாக்டர். இன்னொருத்தி, அந்த டாக்டரிடமிருந்து விவாகரத்து வாங்கியவனின் தங்கை. பிரிட்ஜ் கிளப்பில் அன்று எல்லோரும் அவர்களைப் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை எப்போதும்போல எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணி, சீட்டைக் கலைங்க" என்றாள்.

அண்ணன்காரன் வீட்டில் தாம்தூம் என்று குதித்தான். அவள் சாவகாசமாகச் சொன்னாள்: "கோர்ட்டுல உன்னையும் அவங்களையும்தான் பிரிச்சு விட்டாங்க. எங்க ரெண்டு பேர் மேல யாரும் கேஸ் போடலையே."

அது நடந்து ஆறு வருஷம். அதற்கு முன்னால் பதின்மூன்று வருஷம். பத்தொன்பது வருஷமாக ஒரே ஜோடி. கிளப்பில் அவர்களுக்கு 'நாத்தனார் ஜோடி' என்று பெயர்.

பிரிட்ஜ் நான்கு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஆளுக்கு ஒன்றாக நாலு சீட்டு விழுந்தால் ஒரு பிடி, பெரிய சீட்டுப் போட்டவருக்கு அது. எத்தனை பிடி பிடிப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம். கூட்டாளியிடம் வாயைத் திறக்கக் கூடாது. பெட்டியிலிருந்து ஏல அட்டையை எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். ஏலம் முடிந்ததும் ஜெயித்த ஜோடியில் ஒருவர் தன் சீட்டுகளை மேசைமேல் விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஆட்டம் முழுக்க மற்றவர் கையில். பேசாமல் ஒருவரை ஒருவர் நம்பத் தெரியாதவர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்து வராது.

இந்த இருவரும் நம்பினார்கள், ஆனால் ஆடும் விதத்தில் ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு.

டாக்டர் ஆளைப் படிப்பவர். ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவரைப் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார். ஏழு வருவதற்குள் இவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும் என்பார். சீட்டு மேசையிலும் அதே கண். மூச்சு எங்கே நின்றது, விரல் எந்தச் சீட்டைத் தொட்டுவிட்டு வந்தது, எல்லாம் பார்ப்பார். இடது கைக்காரர் ஒருவர் சீட்டை அடுக்கிய விதத்தை வைத்தே ராஜா இருக்கும் இடத்தைச் சொன்னவர் அவர். பத்துக்கு எட்டு முறை பலிக்கும்.

நாத்தனார் நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவள். முந்நூற்று நாற்பது பேருந்துகள் எப்போது எங்கே நிற்கும் என்பது அவள் மண்டைக்குள் இருந்தது. அவளுக்கு முகமும் வேண்டாம், மூச்சும் வேண்டாம். "ஒரு பஸ் ஒரே நேரத்துல ரெண்டு ஸ்டாப்புல நிக்காது, அண்ணி. சீட்டும் அப்படித்தான். எண்ணிக்கிட்டே போனா ஒளிய இடமில்லாம வெளிய வந்துடும்" என்பாள்.

டாக்டருக்கு இது அலுப்பு. இத்தனை எண்ணுவதற்குக் கால்குலேட்டரைக் கூட்டிவந்து உட்கார வைக்கலாமே என்று கேலி செய்வார். நாத்தனாரும் விடமாட்டாள், ஜோசியம் பார்க்க வேண்டுமானால் வெளியே போர்டு மாட்டுங்கள் என்பாள். கேலி கேலியோடு சரி. மேசையில் உட்கார்ந்தால் ஒருவர் முடிவை மற்றவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

இந்த வருஷம் அவர்கள் அணி தேசிய அணித் தேர்வின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஜெயித்தால் உலகப் போட்டி. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்ததில்லை. ஆட்டத் தேதியை அறிவித்த அன்று மாலை அண்ணன் போன் செய்தான். அவனுக்கு இரண்டாம் கல்யாணம். பெண் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அதே தேதி, காலை பதினொன்றரை.

"கூடப் பொறந்தவ நீ ஒருத்திதான். சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும்" என்றான்.

"அண்ணே, கல்யாணம் உனக்கு ரெண்டாவது தடவை. ஃபைனல் எனக்கு முதல் தடவை" என்றாள் அவள்.

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியது அந்தக் கண்ணாடிக் கடைப் பெண். தானே பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய் ஒன்பது மணிக்கு முதல் ஆளாக இடம் மாற்றி வாங்கிவிட்டதாகவும், ஒன்பதே காலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றும் சொன்னாள். நாத்தனாருக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

சொன்னபடியே கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற அண்ணனின் முதுகில் ஒரு தட்டு, புது அண்ணிக்கு ஒரு அணைப்பு. கல்யாணத்துக்கு உடுத்திய உடையோடு டாக்ஸி பிடித்து, பத்து நாற்பதுக்கு ஆட்டம் நடக்கும் ஹோட்டலின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு, காகிதத்தில் சுற்றிய பன் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அணி என்றால் நான்கு பேர். இவர்கள் ஒரு அறையில் ஆட, அணியின் தலைவியான அச்சகக்காரம்மாவும் அவர் கூட்டாளியும் அடுத்த அறையில் ஆடுவார்கள். இங்கே இவர்களுக்கு வந்த அதே சீட்டுகள் அங்கே எதிரணிக்கு வரும். அதிர்ஷ்டம் என்று யாரும் தப்பிக்க முடியாது. ஒரே சீட்டை வைத்து யார் நன்றாக ஆடினார்கள் என்பதுதான் கணக்கு.

இவர்கள் மேசையில் டாக்டருக்கு இடப்பக்கம் ஓய்வு பெற்ற நீதிபதியம்மா. இருபது வருஷம் தீர்ப்புச் சொன்ன முகம். கல்லில் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும். வலப்பக்கம் அவர் கூட்டாளி, நீச்சல் கோச். அகலத் தோள், அகலச் சிரிப்பு, துணிச்சலான ஏலம்.

முதல் பாதியின் ஏழாவது ஆட்டத்தில்தான் அது நடந்தது. நாத்தனார் கையில் நீளமாக ஹார்ட்டின். ஏலத்தை ஹார்ட்டினில் ஆரம்பித்தாள். கோச் ஒரே தாவலில் நாலு ஸ்பேடு, அதாவது ஸ்பேடு துருப்பாகப் பத்துப் பிடி, என்று வைத்தாள். அடுத்து டாக்டரின் முறை. டாக்டரின் கை ஏல அட்டைப் பெட்டிக்கு மேலே போய் நின்றது. நின்றது நின்றபடியே ஒரு நிமிஷம். பிறகு 'பாஸ்' அட்டையை எடுத்து வைத்தார். நீதிபதியம்மாவும் பாஸ். முறை நாத்தனாரிடம் வந்தது.

அஞ்சு ஹார்ட்டின் கேட்கலாமா, விட்டுவிடலாமா? இரண்டும் சரிதான் என்று சொல்லக்கூடிய கை. ஆனால் எதிரே ஒரு நிமிஷ மௌனம் கிடந்தது. ஒன்றுமில்லாத கையோடு யாரும் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டார்கள். அண்ணியிடம் ஹார்ட்டின் இருக்கிறது, சொல்ல ஆசைப்பட்டு அடக்கிக்கொண்டார் என்று அந்த மௌனம் போட்டுக் கொடுத்துவிட்டது. ஒருவேளை அவர் மனசு காலை ஒன்பதே காலில் நின்றுகொண்டிருந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அட்டையில் வராத சேதி. கூட்டாளியின் தயக்கத்தை வைத்து ஆதாயம் தேடக் கூடாது என்பது விதி. அவளுக்கு அது விதியைவிடக் கொஞ்சம் அதிகம்.

பாஸ் அட்டையை எடுத்து வைத்தாள்.

கோச் நாலு ஸ்பேடை ஆடி ஜெயித்தாள். அடுத்த அறையில் இதே சீட்டுகளை வைத்து எதிரணி அஞ்சு ஹார்ட்டின் கேட்டு ஜெயித்திருந்தது. ஒரே ஆட்டத்தில் பதினைந்து புள்ளி போனது.

இடைவேளையில் பதினாறு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். வராந்தாவில் அச்சகக்காரம்மா மதிப்பெண் தாளை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். ஏழு சீட்டு ஹார்ட்டினை வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் விட்டுக்கொடுத்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. நாத்தனார் பதில் சொல்வதற்குள் டாக்டர் குறுக்கே வந்தார். தப்பு தன்னுடையது, தான் யோசித்திருக்கவே கூடாது, அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று சொன்னார். அச்சகக்காரம்மா ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, இரண்டாம் பாதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று காபி வாங்கப் போய்விட்டார்.

இருவரும் தனியாக இருந்தபோது டாக்டர் சொன்னார்: "என்கிட்ட ஹார்ட்டின் நாலு இருந்துச்சு."

"தெரியும், அண்ணி. நீங்க யோசிச்சதுலேயே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் கேக்கலை."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, "கல்யாணத்தைப் பத்தி நினைக்கலை. அப்படி நினைச்சுக்காதே" என்றார். "நல்ல பொண்ணா?"

"நல்ல பொண்ணு."

"சரி, வா. பதினாறுதானே."

இரண்டாம் பாதியில் அவர்கள் ஆடியதைப் பார்க்க வராந்தாவில் நின்றிருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கோச்சின் சிரிப்பை வைத்து ஒரு ராஜாவைப் பிடித்தார். நாத்தனார் எண்ணி எண்ணி எதிரணி கேட்ட ஒரு நாலு ஹார்ட்டினைத் தோற்கடித்தாள். எவ்வளவு மீட்டார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அடுத்த அறைக் கணக்கு கடைசியில்தான் வரும். ஆனால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று இருவருக்கும் உள்ளுக்குள் தெரிந்தது.

கடைசி ஆட்டம். கோச் மூன்று ஹார்ட்டின் என்று ஆரம்பித்தாள். பெரிய சீட்டு இல்லாமல், நீளமான ஒரே வரிசையை மட்டும் வைத்து வழியை மறிக்கிற ஏலம் அது. அவள் ஏழு சீட்டு இல்லாமல் அப்படிக் கேட்கமாட்டாள். டாக்டருக்கு வந்திருந்ததோ வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கை. ஏலம் ஏறிக்கொண்டே போனது. ஆறு ஸ்பேடு, அதாவது பன்னிரண்டு பிடி, கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். நாத்தனார் தன் பதின்மூன்று சீட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, 'ஏழு ஸ்பேடு' அட்டையை எடுத்து வைத்தாள். பதின்மூன்றும் எங்களுக்கே. ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு.

நீதிபதியம்மா ஒரு ஹார்ட்டின் இறக்கினார். நாத்தனார் தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். இனி அவள் வாய் திறக்கக் கூடாது. கண்ணைக் கூட அசைக்கக் கூடாது.

டாக்டருக்குப் பன்னிரண்டு பிடி எதிரே தெரிந்தது. பதின்மூன்றாவது டைமண்ட் ராணியிடம் இருந்தது. ஏஸும் ஜாக்கியும் தன் கையில், ராஜாவும் பத்தும் மேசையில், ராணி மட்டும் எதிராளி யாரிடமோ. யாரிடம் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம்.

பழக்கப்படி ஆட்களைப் பார்த்தார். கோச் நாற்காலியில் சாய்ந்து ஏதோ பூங்காவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தாள். நீதிபதியம்மாவின் கல் முகத்தில் விரிசல் தெரிந்தது. உதட்டைக் கடித்தார். இரண்டு முறை அசைந்து உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. இத்தனை வருஷத்தில் அவரை இப்படிப் பார்த்ததே இல்லை. ராணி இடப்பக்கம்தான் என்று டாக்டரின் உடம்பு முழுக்கச் சொன்னது. ஹார்ட்டின் ஏழு வைத்திருக்கிற கோச்சிடம் டைமண்டுக்கு இடம் ஏது என்று பொதுவாகவும் தோன்றியது.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. ஸ்பேடை மூன்று முறை இறக்கினார். நீதிபதியம்மா மூன்று முறையும் ஸ்பேடு போட்டார். கோச்சிடம் ஒன்றுதான் இருந்தது. ஹார்ட்டின் இன்னொரு முறை. இருவரும் போட்டார்கள். கிளாவர் மூன்று முறை. கோச் ஒரு கிளாவர் போட்டுவிட்டு, பிறகு இரண்டு ஹார்ட்டினைக் கழித்தாள். அங்கே டாக்டர் நிறுத்தினார்.

எண்ண ஆரம்பித்தார். நீதிபதியம்மா: ஸ்பேடு மூன்று. வெளியே இருந்த ஏழு கிளாவரில் கோச்சுக்கு ஒன்றென்றால் மிச்சம் ஆறும் இவருக்கு. ஹார்ட்டின் இரண்டு. ஆக பதினொன்று. டைமண்டுக்கு இடம் இரண்டுதான். கோச்: ஸ்பேடு ஒன்று, கிளாவர் ஒன்று, ஹார்ட்டின் ஏழு. மிச்சம் நாலு, நாலும் டைமண்ட். எண்ணி முடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். வெளியே இருக்கிற ஆறு டைமண்டில் நாலு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம். ராணி வலப்பக்கம் இருக்க மூன்றில் இரண்டு பங்கு.

மேசையிலிருந்து டைமண்ட் ராஜாவை இறக்கினார். இருவரும் சின்னச் சீட்டு. பத்தை இறக்கினார். கோச் சின்னச் சீட்டு. இனி தன் கையிலிருந்து ஏஸா, ஜாக்கியா? ராணி நீதிபதியம்மாவிடம் தனியாக நின்றால் ஏஸுக்கு விழும். கோச்சிடம் இருந்தால் ஜாக்கியே போதும்.

மூன்று நிமிஷம் ஆனது. நாத்தனார் மேசையில் கிடந்த ஒரு சின்ன ஸ்பேடையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைமண்ட் நாலுக்கு இரண்டு என்று அவளும் எப்போதோ எண்ணி முடித்துவிட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஜாக்கியை இறக்கினார்.

நீதிபதியம்மா சின்ன டைமண்டைப் போட்டார். பதின்மூன்றும் வந்துவிட்டது.

கோச் தன் கையிலிருந்த ராணியைத் திருப்பிக் காட்டி அகலமாகச் சிரித்தாள். நல்லா ஆடினீங்க என்று எழுந்து கை கொடுத்தாள். நீதிபதியம்மாவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. அரை மணி நேரமா உசுரு போகுது" என்றார். டாக்டர் குனிந்து அவர் காலைப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீவி விட்டார். கல் முகம் முதன்முறையாகச் சிரித்தது.

அடுத்த அறையில் எதிரணி ஆறு ஸ்பேடோடு நின்றிருந்தது. நான்கு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அச்சகக்காரம்மா வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தார். அந்த ஏழு சீட்டு ஹார்ட்டினைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

காருக்கு நடக்கும்போது நாத்தனார் கேட்டாள்: "உங்க மனசு இடப்பக்கம்னுதானே சொல்லியிருக்கும்?"

"சத்தம் போட்டுச் சொல்லுச்சு."

"ஜாக்கி போட்டு, ராணி அந்தப் பக்கம் இருந்திருந்தா?"

"தோத்திருப்போம். ஆனா இன்னொரு தடவை அதே சீட்டைக் குடுத்தாலும் ஜாக்கியைத்தான் போடுவேன்" என்றார் டாக்டர்.

நாத்தனார் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, பதினோராவது ஆட்டத்தில் அண்ணி எதற்காகக் கிளாவர் எட்டை வீணாகக் கழித்தார் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் அது வீணில்லை என்றார். முதல் சிக்னல் வருவதற்குள் இருவரும் சண்டையில் இறங்கிவிட்டார்கள்.