ஆறு பத்துக்கு வரும் இருமல்

காற்று அளப்பவரின் மனைவி இறந்த ஒன்பதாம் நாள், மாலை ஆறு பத்துக்கு, அவளுடைய இருமல் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஜன்னல் வழியாக நுழைந்தது, கட்டில் ஓரத்தில் மூன்று முறை இருமியது, பிறகு சமையலறைப் பக்கம் போயிற்று. அவருக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் கிடக்கும் அந்த நகரத்தில், பகலெல்லாம் காற்று புகையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறும். வெயில் தாழ்ந்ததும் மலை குளிர்ந்து, ஏறியதையெல்லாம் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். குளிர்காலத்தில் மேலே மூடி போட்டதுபோல் ஆகி எதுவுமே வெளியேறாது. சூளைப் புகை, லாரிப் புகை, மனிதர்கள் கடைசியாக விட்ட மூச்சு எல்லாம் மலைக்கு ஒன்றுதான். மூன்றாவது தெருத் தையல்காரரின் மாமனார் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகியும், தினமும் மாலையில் வந்து மருமகனைத் திட்டிவிட்டுத்தான் போவார். தையல்காரர் அந்த நேரம் பார்த்து மிஷினை வேகமாக மிதிப்பார்.

நகராட்சி மொட்டைமாடியில் இருந்த, காற்றை உறிஞ்சும் இயந்திரத்தில் தினம் ஒரு வெள்ளை வடிதாளை வைப்பதும், மறுநாள் அது கறுத்ததும் எடுத்து எடைபோட்டு எழுதுவதும் அவர் வேலை. எந்த நேரத்துக் காற்று மோசம் என்று அவரைவிடத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. அப்படிப்பட்டவர் தினமும் ஆறு மணிக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். பாவம், வேறென்ன செய்வார். இரண்டாவது மாதம் இருமலோடு பேச்சும் வந்தது. உயிரோடு இருந்தபோது தினமும் சொன்ன அதே பேச்சு. "ஜன்னலச் சாத்துங்க, பிள்ளைக்குப் புகை ஆகாது." அன்றைக்கெல்லாம் அவர் அதைக் காதிலேயே வாங்கியதில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், குரலை மட்டும்.

எட்டு வயது மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. மருந்து மாற்றினார்கள், தலையணையை உயர்த்தினார்கள், கேட்கவில்லை. ஒருநாள் மாலை அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா வந்தா எனக்கு மூச்சு முட்டுதுப்பா. ஆனா சாத்தாதீங்க, அம்மா போயிடுவாங்க."

மறுநாள் அவர் ஒரு புது வடிதாளைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டினார். ஏழு மணிக்குள் அது கரியாகிவிட்டது. இருபது வருஷம் ஊர்க் காற்றையெல்லாம் எடைபோட்ட மனிதர், அந்த ஒரு தாளைத் தராசில் வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த நாள் ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார். இருமல் இருட்டும்வரை வெளியே நின்றது. திறக்கச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

குளிர் முடியும் தறுவாயில் கணவாய் வழியாக, அதுவரை ஊர் பார்த்திராத பெருங்காற்று வந்தது. மூன்று நாள் அடித்துப் பள்ளத்தாக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் தெருவுக்கு வந்து, அத்தனை மாதமாகக் காணாத மலை உச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். தையல்காரர் மாலையானதும் வழக்கம்போல் மிஷினை மிதித்தார், யாரும் திட்டாததால் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் இழுப்பில்லாமல் தூங்கினாள். நான்காம் நாள் தாள் வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. அதைப் பதிவேட்டில் எழுதியபோது, சொல்லிச் சந்தோஷப்பட அவருக்கு ஆளில்லை.

மறுவருஷம், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வரும் பஸ் டிரைவர் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னார். அவர்கள் ஊரில் தினமும் ஆறு பத்துக்கு ஒரு பெண் குரல் தெருத்தெருவாக வந்து ஜன்னலைச் சாத்தச் சொல்கிறதாம்.

"சாத்துறீங்களா?" என்று கேட்டார் காற்று அளப்பவர்.

"பின்னே? அவ்வளவு அக்கறையா சொல்றப்போ எப்படிண்ணே சாத்தாம இருக்கிறது?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இருமல் இருக்கா?"

"இருமலா? இல்லையே. நல்ல தெளிவான குரல்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மணி ஆறாகப் போகிறது, ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினார்.