பீரங்கி இல்லாத ஃபிரேம்

சோடாபுட்டி வந்தபோது நான் தம்பியின் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் போனதிலிருந்து தினமும் துடைக்கிறேன்.

சோடாபுட்டி அவனுடைய கிளப் நண்பன். கண்ணாடியைக் கழற்றினால் சுவரிடம் நலம் விசாரிப்பான். தம்பியின் படையை வாங்கிப்போக வந்திருந்தான். படை என்றால் பிளாஸ்டிக் படை. ஏதோ ஒரு கிரகத்தில், என்றோ ஒரு காலத்தில் நடக்கப்போகும் சண்டை. கவச வண்டிகளை மேசைமேல் நகர்த்தி, பகடை உருட்டி ஆட வேண்டும். கிளப்பில் அவன் நினைவாக ஓர் ஆட்டம் வைக்கிறார்களாம், அவன் வண்டிகளே இறங்க வேண்டுமாம். அம்மா சரி என்றுவிட்டாள்.

வண்டிக்கு உயிர் ஃபிரேம்தான். அடிச்சட்டம், சக்கரப்பட்டை, கவசத் தகடு எல்லாம் சேர்ந்தது அது. அதன் தலையில் பீரங்கியைப் பசைபோட்டு ஒட்ட மாட்டோம். ஃபிரேமில் துளையிட்டு மிளகு அளவு காந்தம் பதிப்போம், பீரங்கியின் அடியில் இன்னொன்று. அப்போதுதான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. சின்ன வயதிலிருந்து அவனோடு ஆடினேன், அவன் பீரங்கிகளைத் திருடி என் வண்டிகளில் மாட்டிக்கொண்டேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன், ஒருநாள் தன் காந்தங்களை எல்லாம் பிடுங்கி, என்னுடையவற்றுக்குத் தலைகீழாகப் பதித்துவிட்டான். அதன்பிறகு என் பீரங்கியை அவன் ஃபிரேமில் வைத்தால் துள்ளி ஓடும். அவனுடையதும் என்னிடம் நிற்காது. "எப்படி நம்ம பூட்டு?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

அவன் நோயில் விழுந்து படுத்த படுக்கையானபோது, மழைக்காலம் தாண்டினால் பெரிது என்று டாக்டர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார். "அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது" என்று அம்மா அன்றே உத்தரவு போட்டாள். யாரும் விடவில்லை. அவன் கட்டிலில் சாய்ந்தபடி ஒரு பெரிய ஃபிரேமை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பான்.

"எழுந்து நடமாடினதும் முதல் ஆட்டம் உன்கூடத்தான்க்கா. துவைச்சுக் காயப்போடறேன் பாரு."

"கிழிச்சே" என்பேன் நான்.

ஒன்றும் தெரியாமல் போனான் என்பதுதான் இந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆறுதல். அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இரண்டு வாய் சாப்பிடுகிறாள்.

சோடாபுட்டி வண்டிகளை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றினான். கடைசியாக அந்தப் பெரிய ஃபிரேமை எடுத்தான்.

"இதோட பீரங்கி எங்கக்கா?"

"பண்றதுக்குள்ளதான் போயிட்டானே."

"பரவால்ல, அவனோட இன்னொண்ணை மாட்டிடலாம்."

மாட்டினான். அது துள்ளித் தரையில் விழுந்தது. குனிந்து தடவி எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் விழுந்தது.

"காந்தத்தை மாத்திப் பதிச்சிட்டானே! உடம்பு முடியாம செஞ்சதாச்சே, கை தவறியிருக்கும் பாவம்."

கை தவறுவதாவது! பசை போடுமுன் பத்து தடவை சரிபார்த்து, என் உயிரையும் வாங்குகிறவன் அவன். என் அறைக்குப் போய் என் பீரங்கிகளில் ஒன்றை எடுத்து வந்து அந்த ஃபிரேமின் மேல் கொண்டுபோனேன். விரலிலிருந்து அதுவாகவே இழுபட்டு 'டக்'கென்று உட்கார்ந்தது. பக்கவாட்டில் சின்னத் துப்பாக்கிகளுக்கு இரண்டு துளைகள் இருந்தன. என் துப்பாக்கிகள் அவற்றிலும் உட்கார்ந்தன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. படுக்கையில் இருந்தபோது ஒருநாள், "உன் பீரங்கி ஒண்ணு குடுக்கா, பாத்துட்டுத் தரேன்" என்று கேட்டான். "இப்ப நீ திருட ஆரம்பிச்சிட்டியா?" என்றேன். சிரித்தான். மறுநாள் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். எந்தப் பக்கம் ஒட்டுகிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கத்தான் வாங்கியிருக்கிறான்.

அது அவன் ஆடுவதற்காகச் செய்த ஃபிரேம் இல்லை, எனக்கு விட்டுப்போகச் செய்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் துவைச்சுக் காயப்போடறேன் என்றிருக்கிறான், நான் கிழிச்சே என்றிருக்கிறேன். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தனியாகக் கிடந்தானோ! ஒருநாள், ஒரே ஒருநாள், சேர்ந்து அழுதிருக்கலாமேடா.

"அக்கா... அப்படின்னா அவனுக்கு..." என்று ஆரம்பித்தான் சோடாபுட்டி.

அம்மா டீயோடு உள்ளே வந்தாள். நான் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"இதைத்தானே கடைசி வரைக்கும் தேய்ச்சுக்கிட்டிருந்தான்" என்று அம்மா ஃபிரேமைத் தொட்டுப் பார்த்தாள். "எழுந்து ஆடிடலாம்னு இருந்தான் புள்ள. ஒண்ணும் தெரியாமலே போயிட்டான். அந்த மட்டும் கடவுள் கண்ணைத் தொறந்தாரு. இல்லியாடி?"

"ஆமாம்மா" என்றேன். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள். நான் குடித்தேன்.