மஸூமாவின் மண்

மூக்குக்கண்ணாடி விற்று ஊர் ஊராய் அலைந்த ஈரானிக் குடும்பங்கள் ஏழெட்டு, பஸ் போக்குவரத்து நன்றாக இருக்கிறதென்று பெரம்பலூரில் தங்கிவிட்டன. எழுபத்து நான்கில் தங்களுக்கென்று ஒரு ஷியா பள்ளிவாசலும் கட்டின. ஊர் அதைக் கண்ணாடிக்காரப் பள்ளிவாசல் என்றது. முன்னின்று கட்டியவர் குலாம்ரெஸா. தொழுகை நடத்தும் இமாமும் அவரே. செங்கல் வாங்குவதற்குக்கூட ஜமாத்தைக் கூட்டி யோசனை கேட்பார். வீட்டில் மட்டும் கேட்கிற வழக்கம் கிடையாது.

ஷியாக்கள் தொழும்போது நெற்றியை மண்ணில் வைப்பார்கள். அதிலும் நபியின் பேரர் உயிர்விட்ட கர்பலா மண் என்றால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. இறந்தவர் கன்னத்தடியில் வைப்பதும் அதைத்தான். குலாம்ரெஸாவின் மனைவி மஸூமா தாய்வீட்டிலிருந்து வரும்போது அதில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"பள்ளிவாசலுக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

"சரிங்க" என்றாள்.

கொத்தனார் அங்கமுத்து அதை விக்கிரமங்கலத்துக் களிமண்ணோடு பிசைந்து, இமாம் நெற்றி வைக்கும் இடத்தில் பதித்தார். எல்லோரும் மெச்சினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் தொழுவதோ பின்னால், திரைக்கு அந்தப்புறம்.

எண்பத்து மூன்றில் மஸூமா படுக்கையில் விழுந்தாள்.

"என்னங்க, ஆளில்லாத நேரமாப் பாத்து அந்த மண்ணுல ஒருதடவை நெத்தி வச்சுக்கட்டுமா? நம்ம வூட்டு மண்ணுதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமும் அவள் அதில் நெற்றி வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாவி மனுஷர், அப்போதாவது சரி என்றிருக்கலாம். இமாம் நிற்கிற இடத்தில் பெண்ணா, ஜமாத்து என்ன சொல்லுமோ என்று யோசித்தார்.

"முதல்ல உடம்பு தேறட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க."

தேறவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

கஃபன் துணி சுற்றியாயிற்று. கன்னத்தடியில் வைக்க மண் வேண்டுமே. குலாம்ரெஸா உளியோடு போய் அந்த இடத்தைச் சுரண்டினார். கூட வந்த காசிம், ஜமாத்தில் மூத்தவர். சுரண்டிக்கொண்டே, அவள் கேட்டதை அவரிடம் சொன்னார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் காசிம். "எல்லாருமா வெளிய நின்னுக்கிட்டு அவங்களை உள்ள அனுப்பியிருப்போமே. அது அவங்க மண்ணுல்ல?"

மறுநாள் தொழுகையில் குலாம்ரெஸா குனிந்தபோது, சுரண்டிய பள்ளம் நெற்றியில் கரகரத்தது. தலையைத் தூக்க மனம் வரவில்லை. அவர் எழட்டும் என்று பின்னால் அத்தனை பேரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.