காதில் இன்னொரு வெட்டு

ஹென்ட்ரே பண்ணை டெக்வின் கதவைத் தட்டியபோது எலுனெட் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது இவனைப் பற்றித்தான். "ஹென்ட்ரேக்காரன் கை என் பெட்டி மேல படக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணியிருந்தாள்.

நாளை அடக்கம். வாசலில் ஹென்ட்ரேக்காரன், கழற்றிய தொப்பி கையில். பெட்டி தூக்க ஆள் போதுமா என்று கேட்டான். போதும் என்றாள். பொய். ஹவோட் பண்ணையிலிருந்து தேவாலயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வண்டி போகாது. ஓர் ஆள் குறைந்தது.

கீழே ஆற்றோரம் ஹென்ட்ரே, நல்ல மண். மேலே ஹவோட், கல்லும் காற்றும். ஹென்ட்ரே நம் மோரிஸ் குடும்பத்துச் சொத்து, டெக்வினின் முன்னோரான பிரதெர்க்குகள் ஜமீனைக் கைக்குள் போட்டுக்கொண்டு நம் முப்பாட்டன் ஈவான் மோரிஸை மலைக்கு விரட்டிவிட்டார்கள், ஆடு யாருடையது என்று காட்டும் காதுக் குறியைக்கூட விடவில்லை, அதனால்தான் நம் குறியில் ஒரு வெட்டு கூடுதல் என்பார் அப்பா.

ஆதாரம் தேடி ஆபரிஸ்ட்வித் நகர ஆவணக் காப்பகத்துக்கு வருடக்கணக்கில் அலைந்தவள் எலுனெட். கிடைத்தவை இரண்டு பெயர்கள். ஹென்ட்ரேயை முதலில் வைத்திருந்தவன் பிரதெர்க் மோரிஸ். அடுத்து ஹியூ பிரதெர்க். மோரிஸ் கையிலிருந்து பிரதெர்க் கைக்கு! வேறென்ன சாட்சி வேண்டும்? அவள் வந்து சொன்ன அன்று அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

டெக்வின் தலையசைத்துவிட்டுத் திரும்பினான். அவன் வண்டியில் ஆட்டுக்குட்டிகள் கத்தின. பின்னாலேயே போன எலுனெட் கம்பிக்கு இடையே பார்த்தாள். பார்த்தவளுக்கு ரத்தம் சூடேறியது.

இடது காதில் நுனி வெட்டு, வலது காதின் அடியில் பிளவு. அது ஹென்ட்ரே குறி. ஆனால் வலது காதின் மேல்புறத்தில் இன்னொரு வெட்டு. ஹவோட் குறி!

"என் அப்பாவை இன்னும் புதைக்கக்கூட இல்ல. அதுக்குள்ள எங்க ஆட்டுல கை வச்சுட்டீங்களா?"

டெக்வினுக்குக் கோபம் வரவில்லை. ஒரு குட்டியைப் பிடித்து அதன் காதை அவள் பக்கம் திருப்பினான். வெட்டு புதிது. ரத்தம் முழுதாகக் காயவில்லை.

"நல்லாப் பாரு, ஹவோட் பொண்ணே. காலைல நான் வெட்டினது. என் சின்ன மகன் பாலா ஊர்ப் பக்கம் தனிப் பண்ணைக்குப் போறான், இது அவன் பங்கு. உங்க மலைக்கு வராது, பயப்படாதே."

"அதுக்கு எதுக்கு எங்க வெட்டு?"

"உங்க வெட்டா? எங்க வீட்டுல குறி அப்படியே பெரியவனுக்குப் போகும். சின்னவன் பிரிஞ்சு போனா மேல ஒரு வெட்டு சேர்த்துக் குடுப்போம். அப்பன் கையாலதான் வெட்டணும். எந்தக் காலத்து வழக்கமோ!"

எலுனெட் குட்டியின் காதை மறுபடி பார்த்தாள்.

விரட்டப்பட்டவனுக்கு யார் குறி கொடுப்பார்கள்?

பிரதெர்க் மோரிஸ் என்றால் மோரிஸின் மகன் பிரதெர்க். ஹியூ பிரதெர்க் என்றால் பிரதெர்க்கின் மகன் ஹியூ. அந்தக் காலத்தில் அப்பன் பெயர்தானே பின்னால் வரும்! ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது அவளுக்கும் தெரியும். எதிரியின் பெயரைப் பார்த்த கண், வேறெதையும் பார்க்கவில்லை. அப்படியானால் ஹியூவின் தம்பிதான் ஈவான். தாத்தா பெயரான மோரிஸைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டு, அப்பன் வெட்டிக் கொடுத்த ஆடுகளோடு, ஹென்ட்ரேயின் கோடைத் தங்கலான ஹவோட்டுக்கு ஏறி வந்தவன்.

அப்பா சாகும்வரை வெறுத்தது சொந்த ரத்தத்தை. அதற்குச் சாட்சி தேடிக் கொடுத்தவள் அவள்.

உள்ளே போய்ப் பெட்டியின் மேல் கை வைத்தாள். சத்தியம் சத்தியம்தான். ஆனால் அப்பா அதை வாங்கியது அந்நியன் ஒருவனுக்கு எதிராக.

வெளியே வண்டி கிளம்பும் சத்தம். ஓடிப்போய் மறித்தாள்.

"காலைல வாங்க, டெக்வின். பெட்டியோட தலைப்பக்கம் உங்களுக்கு."

அவன் இன்ஜினை அணைத்தான். "தலைப்பக்கம் சொந்தக்காரங்கதானே பிடிப்பாங்க?"

"ஆமா," என்றாள் எலுனெட்.