தலையைக் கட்டும் பெல்ட்

தொண்ணூற்று இரண்டில், கார் பந்தய சீசனின் முதல் போட்டியிலேயே ஓர் ஓட்டுநர் செத்துப்போனார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டி சுவரில் மோதியபோது தோள் பெல்ட் அவருடைய உடம்பைப் பிடித்து நிறுத்திவிட்டது. தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. கழுத்து முறிந்துவிட்டது.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த யேசுதாசனும் அன்று ஓட்டியவன். சாவு வீட்டிலிருந்து வந்தவன் பழைய சீட் பெல்ட் ஒன்றை வெட்டினான். ஒரு நுனியை ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் கொக்கி வைத்துப் பொருத்தினான். மறு நுனியைத் தன் பந்தய வண்டியில், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குழாயில் கட்டினான். இனிமேல் தலை முன்னால் போகாது. கூட ஓட்டும் ஏகநாதனும் பட்டாபிராமனும் வந்து பார்த்துவிட்டுத் தங்களுக்கும் கேட்டார்கள். இருவருக்கும் அவனே தைத்துக் கொடுத்தான்.

அவன் தங்கை தபீதாள் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது அந்தப் பெல்ட்டைப் பார்த்தாள். அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள், சாப்பாட்டோடு ஒரு தேங்காய், சில முருங்கைக்காய், மணல் நிரப்பிய பை எல்லாம் எடுத்துக்கொண்டு போனாள்.

"இன்னா பாப்பா, சாம்பாரை இங்கயே வெக்கப் போறியா?"

வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதற்கான சக்கரப் பலகையை அவள் இழுத்தாள். மணல் பையை அதன்மேல் உட்காரவைத்து சைக்கிள் டியூபால் கட்டினாள். பையின் வாயில் ஒரு முருங்கைக்காயைச் செருகி இறுக்கி, அதன் மேல்நுனியில் தேங்காயைப் பொருத்தினாள். தேங்காயைக் கயிறு போட்டுப் பலகையின் பின்நுனியில் இருந்த கட்டையோடு கட்டினாள்.

"இது நீ," என்றாள்.

"என்னிய விட அழகாத்தான் கீறான்."

பலகையைச் சரிவில் தள்ளிவிட்டாள். சுவரில் மோதியதும் டியூப் இழுபட்டு, மணல் பை முன்னால் பாய்ந்தது. தேங்காய் அதே இடத்தில் நின்றது. முருங்கைக்காய் நார் நாராகப் பிரிந்துபோனது.

"தோள் பெல்ட்டும் இப்படித்தான் இழுபடும். உடம்பு கொஞ்சம் முன்னால போகும். தலை போகாது. நடுவுல இருக்கறது கழுத்துதான்."

புது முருங்கைக்காய் வைத்தாள். இந்த முறை தேங்காயைக் கட்டையோடு கட்டாமல் பையோடு கட்டினாள். மோதியபோது தேங்காயும் பையும் சேர்ந்து போய், சேர்ந்து நின்றன. முருங்கைக்காய் முழுசாக இருந்தது.

"தலையை வண்டியோட கட்டக் கூடாதுண்ணா. உடம்போட கட்டணும்."

யேசுதாசன் சிரிக்கவில்லை. தன் வண்டியிலிருந்த பெல்ட்டை அவிழ்த்து எறிந்தான். "அவங்க ரெண்டு பேருக்கும் நான்தானே தெச்சுக் குடுத்தேன்," என்றான்.

மறுநாள் காலை பந்தயத் தளத்தில் அவளையும் அழைத்துக்கொண்டு நேரே ஏகநாதனிடம் போனான். ஏகநாதன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வண்டிக்கு முன்வரிசை கிடைத்திருந்தது. யேசுதாசனுக்குக் கடைசி வரிசை.

"அவுத்துடணுமா? நேத்து வரைக்கும் உசுரைக் காப்பாத்தும்னே. இன்னிக்கு நான் முன்னால நிக்கிறேன்னதும் அவுக்கணுமா? பயந்துகினு மெதுவா ஓட்டுவேன்னு பாக்கறியா மச்சான்?"

"டேய், சத்தியமா சொல்றேன்டா. இவ செஞ்சு காமிச்சா."

"சரி, நீ சொல்லும்மா. இன்னா காமிச்சே?"

மெக்கானிக்குகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை.

"முருங்கக்காய் ஒடஞ்சுதுண்ணா," என்றாள்.

ஒரே சிரிப்பு. "அப்போ மதியம் சாம்பார்தான்!" என்று யாரோ கத்தினார்கள். ஏகநாதனும் சிரித்தபடி உள்ளே ஏறி, ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டைக் கொக்கியில் கோத்துக்கொண்டான். பட்டாபிராமன் ஓட்டுவது அன்றே இதற்கு அடுத்த பந்தயத்தில். அவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அவன் போட்டுக்கினா நானும் போட்டுப்பேன்," என்றான்.

மூன்றாவது சுற்றில் ஏகநாதனின் முன்டயர் வெடித்தது. வண்டி நேரே போய் சுவரில் மோதியது. பெரிய மோதல் என்று யாரும் நினைக்கவில்லை. அவன் இறங்குவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவனைத் தூக்கி வெளியே எடுக்க முதலில் ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்த கொக்கியைக் கழற்ற வேண்டியிருந்தது. பெல்ட்டில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

பந்தயத்தை விட்டு இறங்கி ஓடிவந்திருந்த யேசுதாசன், ஆம்புலன்ஸ் போன பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். பட்டாபிராமன் தன் வண்டிக்குள் குனிந்து, பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லூசா கட்டிட்டான் மச்சான். அதான். இன்னும் டைட்டா இழுத்துக் கட்டியிருந்தா பொழச்சிருப்பான்."

தபீதாள் டூல் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தாள். அவனைத் தள்ளிவிட்டு வண்டிக்குள் தலையை விட்டு, பெல்ட்டை அறுக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னா பண்றே? என் வண்டிம்மா அது!"

தடிமனான பெல்ட். பிளேடு வழுக்கி விரலில் பட்டது. அவள் நிறுத்தவில்லை. பட்டாபிராமன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

யேசுதாசன் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடுடா. அறுக்கட்டும்."