சௌரிராஜன் சம்பாதித்த பாதி

"ஒரு மாருதி கார், சக்கரம் தரையில படாம, ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்காம, பதினாறு பேர் தோள்ல ஏறி, சாயாம குலுங்காம வீதிக்கு எழுந்தருளிடுச்சு மேடம். அந்த வீடியோதான் இப்ப நான் அனுப்பினது."

காட்டூர் ஆரோக்கியராஜ் ஃபோனில் இப்படிச் சொன்னபோது, இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த ஜஹானாரா சிரிக்கக்கூட இல்லை. வண்டிகளைப் பார்த்துச் சரி சொல்வது ஜஹானாராவின் வேலை. ஏஜெண்ட் ஆரோக்கியராஜ் சொல்வதை நம்பாமலிருப்பது பழக்கம். போன மழைக்கு ஒரு கார் எஞ்சினுக்குள் கெண்டை மீன் குடும்பத்தோடு குடியிருந்தது என்று சத்தியம் செய்த மனுஷன் அல்லவா!

"சார், காலைல அனுப்பின ஃபோட்டோல வண்டிக்கு முன்னாடி அவ்ளோ பெரிய பள்ளம். இப்ப வண்டி தெருவுல நிக்குது. பறந்து வந்துச்சா? இது பழைய வீடியோ. அஞ்சு மணிக்கு ஃபைலை மூடிடுவேன்."

"மேடம், சத்தியமா..."

"மீனுக்கும் இதே சத்தியம்தான் பண்ணீங்க." ஃபோன் வைக்கப்பட்டது.

ஆரோக்கியராஜ் பிறந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஒரு விஷயத்தை உப்புக்காரம் சேர்க்காமல் அப்படியே சொல்லியிருக்கிறார், அது எடுபடவில்லை.

கார் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் கமலவல்லி மாமியுடையது. அவர் கணவர் சௌரிராஜன் ஓட்டியது. அவர் காலமான மறுவாரம் இன்ஷூரன்ஸ் முடிந்தது. யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? காலையில்தான் ஆரோக்கியராஜ் மாமிக்கு விளக்கியிருந்தார்.

"அடுத்தவங்களுக்கு அடிபட்டா கொடுக்கறதுக்குன்னு ஒரு பங்கு இருக்கு மாமி. அது எஞ்சின் சைஸுக்கு அரசாங்கம் வச்ச ரேட்டு. மகான் ஓட்டினாலும் அதேதான், மொடாக்குடியன் ஓட்டினாலும் அதேதான். இன்னொரு பங்கு நம்ம வண்டிக்கு. அதுக்கு என்ன வயசு, இன்னிக்கு என்ன பெறும், எந்த ஊர்ல ஓடுதுன்னு பாத்துப் போடுவாங்க. இதுல ஆளைப் பாக்கற இடம் ஒண்ணே ஒண்ணுதான். கிளெய்மே கேக்காம வருஷத்தைத் தள்ளினா தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும். ஐயாவுக்கு உச்சிக்குப் போயி பாதி விலைல நிக்குது. அவருக்கப்புறம் அது உங்களுக்கு வரும். ஆனா தொண்ணூறு நாளுக்குள்ள புதுப்பிக்கணும், இன்னிக்குத்தான் கடைசி. விட்டா பூஜ்யத்துலேருந்து ஆரம்பம். பழைய வண்டிதானே, போனாலும் பெரிய காசில்ல."

"காசுக்கா கேக்கறேன்?" என்றார் மாமி. "பேங்க்ல அவர் பேர அடிச்சா. ரேஷன் கார்டுல அடிச்சா. அவர் ஜாக்கிரதையா இருந்தார்னு ஒருத்தர் ஒத்துண்டது இந்த ஒரு இடத்துலதான். அதையும் பூஜ்யம்னு எழுதணுமா?"

ஆரோக்கியராஜ் ஃபோனை எடுத்துக்கொண்டு நேரே காரைப் பார்க்கப் போனார்.

இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டியை நாலு பக்கமும் படமெடுத்து அனுப்ப வேண்டும். கார் நின்ற கொட்டகையிலோ முன்னும் பின்னும் ஆள் நிற்கலாம். பக்கவாட்டில் பல்லி போனால்தான் உண்டு. வெளியே தள்ளலாமென்றால் வாசலை ஒட்டிக் குழாய் பதிக்க வெட்டிய முழங்கால் ஆழப் பள்ளம். பலகை போட்டார்கள். முன்சக்கரம் தொட்டதுமே பலகை அப்பளமாக நொறுங்கியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் எதிர்வீட்டு முரளி வந்தார். உற்சவத்தில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளில் மூத்தவர். தோள் என்றால் தோளா அது! அதன் மேல் ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம்.

"ஓய் இன்ஷூரன்ஸ்காரரே, எவ்வளவு கனம்?"

"அறுநூத்தம்பது கிலோ இருக்குங்க."

"அவ்வளவுதானா?" முரளி கைதட்டினார். எந்த வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று ஆரோக்கியராஜ் பார்ப்பதற்குள் பதினாறு பேர். அடுத்த வீட்டுக் கல்யாணப் பந்தலுக்கு வந்திருந்த சவுக்குக் கழிகள் காருக்கு அடியில் நுழைந்தன. முன்னே எட்டுப் பேர், பின்னே எட்டுப் பேர்.

"மாமா, பெருமாளுக்குப் போடற மாதிரி சிங்கம் பாயற சிம்ம கதி போட்டு நடக்கலாமா?" என்றான் ஒரு மீசைக்காரன்.

"கண்ணாடி ஒடஞ்சா கிளெய்ம் கேக்க முடியாதுடா, அடக்கி நட! இது பெருமாள் இல்லை, ஆனாலும் சாயவிட்டா நம்ம மானம் போயிடும்."

முன்வரிசை பள்ளத்தில் இறங்கியபோது கைகளை உயர்த்தியது. பின்வரிசை முழங்காலை மடக்கியது. டாஷ்போர்டில் ததும்ப ததும்ப ஒரு டம்ளர் காப்பி வைத்திருந்தாலும் ஒரு துளி சிந்தியிருக்காது. மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, அவர் ஒரு கீறல் விழவிட்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வீடியோவைத்தான் ஜஹானாரா நம்பவில்லை.

"என்ன சொல்றா?" மாமி கேட்டார்.

"பாத்துட்டுச் சொல்றாங்களாம்." மாமியின் முகத்தைப் பார்த்தபின் ஆரோக்கியராஜுக்கு வேறெதுவும் வரவில்லை.

"ஓய், சாயங்காலம் எங்களுக்குக் கோயில் இருக்கு. வண்டியை உள்ளே விட்டுடறோம்" என்று முரளி கழியில் தோள் கொடுத்தார். கார் மறுபடி எழும்பியது. ஆரோக்கியராஜ் வீடியோ கால் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். முன்வரிசை பள்ளத்தை நெருங்கிவிட்டது.

"சார், திரும்பத் திரும்ப எதுக்கு..." ஜஹானாராவின் குரல் பாதியில் நின்றது. "என்னங்க அது?"

"வண்டி மேடம். வீட்டுக்குப் போகுது."

திரையில் ஜஹானாராவின் முகம் கிட்டே வந்தது. பிறகு, "கிட்ட வாங்க. நம்பர் பிளேட் காட்டுங்க. இடது பக்கம். பின்னாடி. யா அல்லா, அடிப்பக்கம்கூடத் தெரியுது! இந்த வேலைக்கு வந்து இன்னிக்குத்தான் ஒரு வண்டியோட அடிவயித்தைப் பாக்கறேன்."

மாமி ஃபோனருகே முகத்தைக் கொண்டுவந்தார். "அம்மா, அவரோட அந்தப் பாதி இருக்குமா?"

"இருக்கும்மா. ஒரு கீறல்கூட இல்லையே. இப்பவே போட்டு விடறேன்."

ஜஹானாராவுக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டின வண்டிதானே அது? வெளிய எப்படி வந்துச்சாம்? ஆரோக்கியராஜ் என்ன கதை விடறார்?"

"கதை இல்ல சார்," என்றார் ஜஹானாரா. "தூக்கிட்டுத்தான் வந்திருக்காங்க. என் கண்ணாலயே பாத்துட்டிருக்கேன்."